மூன்று ‘டூ’

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, நாங்கள் நால்வரும் சேர்ந்து ஒரே கட்டுரையாகத் தருகிறோம் என்று மிஸ்ஸிடம் அனுமதி வாங்கினோம். நடந்ததில் நால்வருக்கும் சமபங்கு உண்டு என்பதே காரணம். “ஆங்கில இலக்கணத்தைப் பற்றியா? அதை யார் படிப்பார்கள்?” என்று அடுத்த பிரிவுத் தோழியர் கேலி செய்தனர். செய்யட்டும். ‘டூ’ என்னும் சின்னஞ்சிறு ஆங்கிலச் சொல் ஒன்று இவ்வாண்டு எங்களை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லாமல் பத்தாம் வகுப்பை விட்டுப் போக எங்களுக்கு மனமில்லை.

நாங்கள் நால்வரும் எல்.கே.ஜி. முதல் இதே பள்ளியில் படிப்பவர்கள். ‘குட் மார்னிங் சிஸ்டர்’ என்று ராகம் போட்டுச் சொல்லப் பழகியது நாலு வயதில். ஆகவே ஆங்கிலம் எங்கள் சொந்தச் சொத்து என்ற எண்ணம் எங்களுக்கு இருந்தது. இதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இருந்தது.

சென்ற ஆண்டு நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது புதிதாக ஒரு மாணவி சேர்ந்தாள். எட்டாம் வகுப்பு வரை தன் கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். ஜூலை மாதத்தில் ஒருநாள், பள்ளி விட்டதும் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று ஆங்கில மிஸ் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். அவள் முறை வந்தது. எழுந்து நின்று, தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டு, தெளிவான குரலில், “ஆஃப்டர் வென்ட் டூ ஹோம், ஐ ஆம் ஹெல்ப்பிங் மை மதர்” என்றாள்.

முதலில் சிரித்தது எங்கள் பெஞ்சுதான். பிறகு வகுப்பே சிரித்தது. மிஸ் மேசையைத் தட்டி அதட்டினார். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நாங்கள் ஒரு வாரம் அதை விடவில்லை. ‘ஆஃப்டர் வென்ட் டூ கேன்டீன்’, ‘ஆஃப்டர் வென்ட் டூ சேப்பல்’ என்று எங்களுக்குள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். முதல் நாள் அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். மறுநாளிலிருந்து சிரிக்கவில்லை. ஆங்கில வகுப்பில் கை தூக்குவதையும் நிறுத்திவிட்டாள். மிஸ் எழுப்பினால் எழுந்து நிற்பாள். வாய் திறக்க மாட்டாள். தேர்வுத் தாளில் மட்டும் நன்றாக எழுதுவாள். தமிழில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். இதையெல்லாம் நாங்கள் அப்போது கவனித்தோமா என்றால், இல்லை. சிரித்தவர்கள் நாங்கள், மறந்தவர்களும் நாங்கள்.

இந்த ஆண்டு ஆகஸ்டு மாதம். செப்டம்பர் 8 மாதா பிறந்த திருநாள். எங்கள் பள்ளி விழாவும் அன்றுதான். ஆறாம், ஏழாம் வகுப்புகளில் எங்களுக்கு இலக்கணம் கற்பித்த வயதான சிஸ்டர் ஒருவர், இப்போது வேறு ஊரில் சபையின் ஓய்வு இல்லத்தில் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறவர். அவரை விழாவுக்கு அழைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு நாங்களே ஒரு கடிதம் எழுதினோம். கோடு போடாத தாளில், ஓரத்தில் ரோஜாப்பூ வரைந்து, அழகான கையெழுத்தில் மூன்று பத்தி. எட்டாம் நாள் பதில் வந்தது. உறையைப் பிரித்தால், உள்ளே இருந்தது எங்கள் கடிதமேதான்! மூன்று சொற்களின் கீழே பென்சிலால் கோடு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குட்டிக் கேள்விக்குறி. பின்பக்கத்தில் தமிழில் இரண்டே வரி: ‘அழைப்புக்கு மகிழ்ச்சி. இதைச் சரி செய்து அனுப்புங்கள், பிறகு வருகிறேன்.’

அந்த மூன்று வாக்கியங்கள் இவை. ‘வி ஆர் லுக்கிங் ஃபார்வர்ட் டூ சீ யூ.’ ‘வி ஆர் நாட் யூஸ்ட் டூ ஸ்டடி கிராமர் வித்தவுட் யூ.’ ‘இன் அடிஷன் டூ சிங் ஹிம்ஸ், வி வில் ஆக்ட் எ பிளே.’ கோடு விழுந்த சொற்கள் சீ, ஸ்டடி, சிங்.

எங்களுக்கு ஒன்றுமே புரியவில்லை. ‘டூ’வுக்குப் பிறகு வினைச்சொல் அப்படியே வரும் என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோமே! டூ ஈட், டூ கோ, டூ ரீட். “சிஸ்டருக்கு வயசாயிடுச்சுடி, மறந்துட்டாங்க” என்றுகூட எங்களில் ஒருத்தி சொன்னாள். (யார் என்று சொல்ல மாட்டோம். மற்ற மூவரும் மறுக்கவில்லை.)

சிஸ்டர் தப்பு என்று நிரூபிக்கவே மதிய இடைவேளையில் நூலகம் போனோம். முதுகு கிழிந்த ரென் அண்ட் மார்ட்டினை எடுத்து, ‘ஜெரண்ட்’ என்னும் பாடத்தைப் பிரித்தோம். வினையைப் பெயராக்கி ‘இங்’ சேர்த்துச் சொல்வது ஜெரண்ட். இன், அட், ஆஃப், வித்தவுட் போன்ற முன்னிடைச் சொற்களுக்குப் பிறகு வினை வரவேண்டுமானால் இந்த வடிவில்தான் வரும். இது எங்களுக்குத் தெரிந்ததுதான். ‘ஃபாண்ட் ஆஃப் ரீடிங்’, ‘குட் அட் டிராயிங்’ என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். ஆனால் ‘டூ’ எப்படி இதில் வந்தது? அதுதான் வினையின் முன்னால் ஒட்டிக்கொண்டு வருகிற சொல்லாயிற்றே?

அன்று நூலகப் பொறுப்பு அவளுடையது. ஓரத்து மேசையில் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் போட்ட சத்தத்தில் கேட்காமல் இருந்திருக்க முடியாது. பசையைத் துடைத்துக்கொண்டே, எங்களைப் பார்க்காமல், “அந்த ‘டூ’ வேறங்க. அது ‘கு’ உருபு மாதிரி” என்றாள்.

“என்னது?” என்றோம்.

அவள் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினாள். தமிழில் ஐ, ஆல், கு என்னும் வேற்றுமை உருபுகள் பெயரோடுதான் சேரும். பார் என்ற வினையோடு ‘கு’வைச் சேர்த்துப் ‘பார்க்கு’ என்று யாராவது சொல்வோமா? மாட்டோம். பார்ப்பது என்று அதைத் தொழிற்பெயராக்கிக்கொண்டு, பிறகு ‘பார்ப்பதற்கு’ என்போம். படி என்பதோடு ‘இல்’ சேராது. ‘படிப்பதில் விருப்பம்’ என்றால் சேரும். “உருபு நமக்குப் பின்னாடி வருது, அவங்களுக்கு முன்னாடி வருது, அவ்வளவுதானே? அவங்க தொழிற்பெயருக்கு ‘இங்’ போடறாங்க” என்றாள். பிறகு இன்னொரு வரி எழுதினாள்: பார்க்க விரும்புகிறேன். “இதுல ‘பார்க்க’ன்னு இருக்கே, அது வினையெச்சம். ‘வான்ட் டூ சீ’ல வர்ற ‘டூ’ இதுதான். இது உருபு இல்ல. பார்க்கறதுக்கு ஒண்ணா இருக்கு, ரெண்டும் வேற.”

எட்டு ஆண்டுகள் தமிழ் இலக்கணத்தையும் எட்டு ஆண்டுகள் ஆங்கில இலக்கணத்தையும் இரு தனித்தனி நோட்டில் எழுதிவைத்திருந்த எங்களுக்கு, ஒன்றைக் கொண்டு மற்றதைப் பார்க்கலாம் என்று தோன்றியதே இல்லை. நன்னூல் தொழிற்பெயர் விகுதிகளாக தல், அல், அம், ஐ, கை, வை என்று தொடங்கி 19 விகுதிகளைச் சொல்கிறது. அவற்றை மனப்பாடம் செய்து, ஒப்பித்து, மறந்தும் போனோம். ஓடுதல், ஓட்டம், நடத்தல், நடை, நடக்கை, கற்றல், கல்வி. ஆங்கிலத்தில் ஜெரண்டுக்கு இருப்பதோ ஒரே ஒரு ‘இங்’! 19 விகுதிகளைச் சுமந்தவர்கள் ஒரே ஒரு ‘இங்’கில் தடுக்கி விழுந்திருக்கிறோம்.

ஆனாலும் நாங்கள் உடனே தோற்றுவிடவில்லை. எங்களில் ஒருத்தி, “‘உன்னைப் பார்ப்பதற்கு வந்தேன்’ என்றும் சொல்கிறோமே, அதிலும் ‘கு’ இருக்கிறது. அப்படியானால் ‘ஐ கேம் டூ சீயிங் யூ’ என்று எழுதலாமா?” என்று மடக்கினாள். அவள் யோசித்தாள். “அது எனக்குத் தெரியலங்க” என்றாள். நேர்மையான பதில். எங்களில் யாராயிருந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்போம்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தவர் எங்கள் ஆங்கில மிஸ். ‘கு’ உருபு ஒரு நல்ல கைத்தடி, ஆனால் எல்லா இடத்துக்கும் அது போதாது என்றார். அவர் சொன்ன சோதனை எளிது: ‘டூ’வுக்குப் பிறகு வினையை எடுத்துவிட்டு ‘இட்’ என்று போட்டுப் பார்க்க வேண்டும். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டூ இட்’, வாக்கியம் நிற்கிறது. அது முன்னிடைச் சொல். பின்னால் வினை வந்தால் ‘இங்’ வேண்டும். ‘ஐ வான்ட் டூ இட்’, நிற்கவில்லை, விழுந்துவிட்டது. அங்கே ‘இங்’ கூடாது. பொதுத்தேர்வு எழுதும் தோழியர் இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும். ‘ஆப்ஜெக்ட் டூ’, ‘அக்கஸ்டம்ட் டூ’, ‘இன் அடிஷன் டூ’, ‘வித் எ வியூ டூ’ எல்லாம் இந்தச் சோதனையில் தாமே அகப்படும்.

‘யூஸ்ட் டூ’ மட்டும் இரட்டை வேடக்காரி. ‘ஐ யூஸ்ட் டூ வாக் டூ ஸ்கூல்’ என்றால், முன்பு நடந்து போவது வழக்கம், இப்போது இல்லை என்று பொருள். ‘ஐ ஆம் யூஸ்ட் டூ வாக்கிங் டூ ஸ்கூல்’ என்றால், நடந்து நடந்து பழகிவிட்டது, கால் வலி தெரியாது என்று பொருள். ஒரு ‘ஆம்’மும் ஒரு ‘இங்’கும் சேர்ந்து கதையையே மாற்றிவிடுகின்றன. இதற்கெல்லாம் விலக்கே இல்லையா என்றால், உண்டு. ‘ஷீ டிட் நத்திங் பட் க்ரை’ என்பதில் ‘பட்’ முன்னிடைச் சொல் போல நின்றாலும் ‘க்ரை’தான் சரி. எங்களில் ஒருத்தி ‘க்ரையிங்’ என்று எழுதி அரை மதிப்பெண் இழந்தாள். விதி தெரிந்த பிறகு கண்ட இடத்திலெல்லாம் ‘இங்’ போடுகிற நோய் ஒன்று பிடிக்கும். அது ஒரு மாதத்தில் தானே குணமாகும்.

கடிதத்தைத் திருத்தினோம். டூ சீயிங் யூ, டூ ஸ்டடியிங், டூ சிங்கிங். கையெழுத்துப் போடும்போது ஐந்தாவதாக அவளையும் போடச் சொன்னோம். “நான் அந்த சிஸ்டர்கிட்டப் படிக்கலையே” என்று சொல்லிவிட்டாள். வற்புறுத்த எங்களுக்கு வாய் வரவில்லை.

அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் அவளிடம், “உனக்கு மட்டும் எப்படி இது தெரிந்தது?” என்று கேட்டோம். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் ஏன் ‘ஆஃப்டர் வென்ட்’னு சொன்னேன்னு போன வருஷமெல்லாம் யோசிச்சேன்” என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறோம். தமிழில் ‘வீட்டுக்குப் போன பிறகு’ என்கிறோம். ‘போன’ என்பது நடந்து முடிந்ததைக் காட்டும் பெயரெச்சம். அதை அவள் மனத்துக்குள் ‘வென்ட்’ என்று மாற்றினாள். ‘வீட்டுக்கு’ என்பதில் ‘கு’ இருந்ததால் ‘டூ ஹோம்’ என்றாள். ‘பிஃபோர் கோயிங்’ என்பதை மட்டும் அவள் ஒருநாளும் பிழையாகச் சொன்னதில்லையாம். தமிழில் அங்கே ‘போவதற்கு முன்’ என்று தொழிற்பெயரே வந்துவிடுகிறதே!

அவள் பிழைக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் பிழைக்கு ஒரு காரணமும் இல்லை. காதில் விழுந்ததை எழுதினோம், அவ்வளவுதான். பேருந்து வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சொன்னபடி சிஸ்டர் விழாவுக்கு வந்தார். ஊன்றுகோல் புதிது, குரல் பழையதுதான். வரவேற்பறையில் எங்களை உட்கார வைத்துக் கடலை மிட்டாய் கொடுத்தார். “என்ன பிள்ளைங்களா, திருத்தினது யாரு?” என்பதுதான் முதல் கேள்வி. ஒரு தோழி உதவினாள் என்று சொல்லி, ‘கு’ உருபு விவரத்தைச் சொன்னோம். சிஸ்டருக்கு ஒரே மகிழ்ச்சி. ‘ஜெரண்ட்’ என்ற சொல்லே இலத்தீனிலிருந்து வந்தது என்றார். 1960-களில் பூசை தமிழுக்கு வருவதற்கு முன், சிறுமியாகக் கோவிலில் இலத்தீனில் பாடியவர் அவர். ‘அமாரே’ என்றால் அன்பு செய்ய. ஆனால் ‘ஆத்’ என்னும் முன்னிடைச் சொல் முன்னால் வந்துவிட்டால் ‘அமாரே’ நிற்காதாம், ‘ஆத் அமாந்தும்’ என்று மாறிவிடுமாம். இலத்தீனிலும் அதே சங்கதி!

பிறகு வீரமாமுனிவரிடம் போய்விட்டார். சிஸ்டருக்கு எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். இத்தாலியில் 1680-இல் பிறந்த அவர், இங்கே வந்து தமிழ் கற்று, பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாகியது. அந்த அச்சகம் லுத்தரன் சபையாருடையது. அவர்களை எதிர்த்து எழுத்தில் கடுமையாக வாதாடியவர் முனிவர். இருந்தும் அவர் புத்தகத்தை அவர்களே அச்சிட்டார்கள். இதைச் சொல்லும்போது சிஸ்டருக்கு எப்போதும் சிரிப்பு வரும். “அவர் முதன்முதலில் தமிழ் பேசியபோது யாரும் சிரித்திருக்க மாட்டார்களா, சிஸ்டர்?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். ஏன் கேட்டாள் என்று எங்களுக்குத் தெரியும். “சிரிச்சிருப்பாங்க. ஆனா பரமார்த்த குரு கதை எழுதினவருக்குச் சிரிப்புன்னா என்னன்னு தெரியும்” என்றார் சிஸ்டர். உடனே, “அது இருக்கட்டும், அந்தப் பிள்ளை எங்கே? ஏன் வரல?” என்று கேட்டார்.

நாங்கள் பதில் சொல்லவில்லை. சிஸ்டர் இரண்டாம் முறை கேட்கவில்லை. கடலை மிட்டாயில் ஒன்றைத் தாளில் சுற்றி, “அவளுக்குக் கொடுங்க” என்றார்.

சிறு வயதில் சண்டை வந்தால் ‘டூ’ விடுவோம். மறுநாளே ‘பழம்’ விட்டுச் சேர்ந்துகொள்வோம். இதுதான் நாங்கள் தலைப்பில் சொன்ன மூன்றாவது ‘டூ’. பதினைந்து வயதில் போய்ப் ‘பழம்’ விட முடியாது. அதுவுமன்றி, அவள் எங்களோடு ‘டூ’ விடவும் இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், இலக்கணம் சொல்லித்தந்தாள். ஆகவே எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. ஒரு வாரம் பேசி, கடைசியில் ஒரு துண்டுத் தாளில் ‘வி ஆர் சாரி ஃபார் லாஃபிங்’ என்று எழுதி, நால்வரும் கையெழுத்திட்டு, மிட்டாயோடு அவள் ஆங்கில நோட்டுக்குள் வைத்தோம். தமிழில் எழுதியிருக்கலாம். ஆங்கிலத்தில்தானே சிரித்தோம் என்று ஆங்கிலத்திலேயே எழுதினோம். ‘ஃபார்’ முன்னிடைச் சொல், பின்னால் ‘இங்’. இந்த முறை இலக்கணம் சரியாக இருந்தது.

மறுநாள் தாள் எங்கள் பெஞ்சுக்குத் திரும்பி வந்தது. ‘லாஃபிங்’ என்பதற்குப் பக்கத்தில் பென்சிலால், சிஸ்டர் எழுதுவது போலவே சின்ன எழுத்தில், ‘அட் மீ’ என்று சேர்த்திருந்தாள். கீழே ஒரு வரி: ‘ஐ ஆம் யூஸ்ட் டூ இட்.’

மிஸ் சொன்ன சோதனைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அன்று மதியம் நாங்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது அவள் எங்கள் பெஞ்சில் உட்காருகிறாள். நாங்கள் அழைத்ததும் வந்துவிடவில்லை. காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்றாள், முடிந்த பிறகுதான் வந்தாள். ஆங்கில வகுப்பில் இன்னும் கை தூக்குவதில்லை. மிஸ் கேட்டால் மெல்லிய குரலில் பதில் சொல்கிறாள். கடைசி பெஞ்சுக்குக் கேட்காது, எங்களுக்குக் கேட்கும். மாலை வேளைகளில் ஐவருமாக உட்கார்ந்து பழைய வினாத்தாள்களில் உள்ள பிழைதிருத்தப் பயிற்சிகளைப் போட்டுப் பார்க்கிறோம். தமிழ் நோட்டும் ஆங்கில நோட்டும் ஒரே மேசையில் திறந்திருக்கும்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் காட்டினோம். முழுவதும் படித்தாள். இரண்டு இடங்களில் ஒற்றுப்பிழை திருத்தினாள். தன் பெயரைப் போட வேண்டாம் என்றாள்.